ஒரே தொற்றுநீக்கியைப் பாவித்தால் கிருமி பழகிவிடுமா? ஒரு கோழிக்கடைக் கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். வன்னியில் பரந்தன் பக்கம் சிறிய கோழி இறைச்சிக்கடை நடத்தும் ஒரு தம்பி கேட்கிறார். சில வருடங்களாக ஒரே தொற்றுநீக்கியால்தான் மேசை, கத்தி, கோழி உரிக்கும் மெஷின் எல்லாவற்றையும் கழுவி வருகிறார். புதுச் சாமான் விற்க வந்த ஒரு ரெப், "ஒரே மருந்தைப் பாவித்தால் கிருமி அதற்குப் பழகிவிடும், மாத்துங்கோ" என்று சொல்லியிருக்கிறார். தொற்றுநீக்கிக்குப் பழகிய கிருமி அன்ரிபயோட்டிக்குக்கும் அடங்காது என்று மனைவி எங்கோ வாசித்திருக்கிறார். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இடைக்கிடை வயிற்றோட்டம் வருகிறது. ரெப் சொல்வது உண்மையா, மனைவி வாசித்தது உண்மையா, இனி என்ன செய்வது?

ரெப் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. மனைவி வாசித்ததில் அதைவிடக் கூட. ஆனால் இரண்டுக்கும் தீர்வு போத்தலை மாற்றுவதில் இல்லை.

முதலில் உங்கள் போத்தலின் லேபிளைப் பாருங்கள். "பென்சல்கோனியம் குளோரைட்" என்றோ அதைப் போன்ற நீளமான அமோனியப் பெயரோ இருந்தால், அது நான்கிணைய அமோனியச் சேர்மம். இந்தத் துறையில் இருப்பவர்கள் சுருக்கமாகக் குவாட் என்பார்கள். கடையில் வாசனையோடு விற்கிற தரை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் இதுதான் இருக்கிறது. ரெப் கொண்டுவந்த புதுச் சாமானின் லேபிளையும் திருப்பிப் பாருங்கள். அதிலும் இதே பெயர் இருந்தால், நிறமும் வாசமும் விலையும்தான் மாறியிருக்கிறது. கிருமிக்கு அது பழைய ஆள்தான்.

குவாட் வேலை செய்யும் விதம் எளிது. அதன் மூலக்கூறு நேர்மின்னேற்றம் கொண்டது, கிருமியின் வெளிச்சுவர் எதிர்மின்னேற்றம் கொண்டது. போய் ஒட்டும், மென்சவ்வைக் குழப்பும், உள்ளே இருப்பது வெளியே ஒழுகும், கிருமி சாகும். இதற்குக் கிருமி கண்டுபிடித்த முக்கியமான தற்காப்பு ஒரு பம்ப். வெள்ளம் ஏறிய வயலில் வாட்டர் பம்ப் வைத்து இறைப்பதுபோல, உள்ளே நுழைந்த நச்சைத் திரும்ப வெளியே தள்ளுகிற புரதங்கள் கிருமியின் சவ்வில் இருக்கின்றன. வருகிற தண்ணீரைவிட இறைக்கிற தண்ணீர் கூடவாக இருக்கும்வரை வயல் தப்பும். குளம் உடைத்துக்கொண்டு வந்தால் எந்தப் பம்பும் தாங்காது.

அந்த அளவுக் கணக்கில்தான் முழு விடயமும் இருக்கிறது. லிஸ்டீரியா என்ற கிருமியை எடுத்துக்கொள்வோம். உணவுத் தொழிற்சாலைகளில் இதைப் பற்றித்தான் கூட ஆராய்ந்திருக்கிறார்கள், ஏனென்றால் அது குளிரூட்டிக்குள்ளும் வளரும். சாதாரண லிஸ்டீரியா வளராமல் நிற்க லீற்றருக்குச் சில மில்லிகிராம் பென்சல்கோனியம் போதும். பம்ப் மரபணு கிடைத்த லிஸ்டீரியாவுக்கு 10, 20 மில்லிகிராம் என்று தேவைப்படும். ஆய்வுக் கட்டுரையில் இதைப் "பல மடங்கு சகிப்புத்தன்மை" என்று எழுதுவார்கள், பொய்யில்லை. ஆனால் மேசை கழுவ நாம் கரைக்க வேண்டிய அளவு லீற்றருக்கு 200 மில்லிகிராமும் அதற்கு மேலும். அந்த அளவில், சுத்தமான மேசையில், போதிய நேரம் விட்டால் பழகிய கிருமியும் சாகும், பழகாததும் சாகும். சல்மொனெல்லா, ஈ.கோலை போன்றவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் அவை இயல்பாகவே கொஞ்சம் கூடத் தாங்கும். அவற்றுக்கும் சரியாகக் கரைத்த மருந்து போதும்.

ஆகவே, பழகிய கிருமிக்கு அந்தப் பம்ப் எங்கே உதவுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். மருந்து நீர்த்துப்போன இடத்தில் உதவுகிறது. எங்கெங்கே நீர்த்துப் போகிறது என்று பார்த்தால், வன்னியில் ஒரு கோழிக்கடையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியமும் மக்னீசியமும் நேர்மின்னேற்றம் கொண்டவை. குவாட் போய் ஒட்ட வேண்டிய இடத்தில் அவை முந்தி ஒட்டிக்கொள்ளும். கடினத் தன்மை கூடிய கிணற்றுத் தண்ணீரில் கரைத்த குவாட், லேபிளில் எழுதியிருக்கும் வேலையை முழுதாகச் செய்யாது. கோடையில் கிணறு வற்றி உப்புக் கூடும்போது இன்னும் மோசம். சில கம்பனிகள் கல்சியத்தைப் பிடித்து வைக்கும் ஒரு பொருளையும் சேர்த்துத்தான் தயாரிக்கின்றன. "கடின நீரிலும் வேலை செய்யும்" என்று லேபிளில் இருந்தால் அதைத்தான் சொல்கிறார்கள். ரெப்பிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. புதுசா பழசா என்பது இரண்டாவது.

அடுத்தது சவர்க்காரம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சவர்க்காரமும் சலவைத் தூளும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. மேசையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு, நுரை போகக் கழுவாமல் அதன் மேலேயே குவாட்டை ஊற்றினால், இரண்டும் ஒன்றையொன்று பிடித்துச் செயலிழந்துவிடும். இரண்டுக்கும் காசு கொடுத்து, கடைசியில் இரண்டும் இல்லாத தண்ணீரால் மேசை கழுவிய மாதிரி. இரண்டையும் ஒரே வாளியில் கலந்து வைப்பவர்களும் உண்டு, "பவர் கூடும்" என்று. கூடாது, குறையும்.

பிறகு இரத்தமும் கொழுப்பும். எந்தத் தொற்றுநீக்கியும் கிருமிக்கும் கோழிக் கொழுப்புக்கும் வித்தியாசம் பார்க்காது. முதலில் எது அகப்படுகிறதோ அதோடு செலவாகிவிடும். அதனால்தான் ஒழுங்கு மாறக்கூடாது: சுரண்டித் துடைப்பது, சவர்க்காரத்தால் தேய்ப்பது, நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுவது, அதற்குப் பிறகுதான் தொற்றுநீக்கி. அதையும் ஊற்றிய உடனே துடைத்துவிடாமல், லேபிளில் சொன்ன நிமிடங்கள் ஈரமாகவே விட வேண்டும். நம் ஊர் வெயிலில் சீமெந்து மேசை இரண்டு நிமிடத்தில் காய்ந்துவிடும் என்பது வேறு பிரச்சினை. தேவைப்பட்டால் திரும்பத் தெளியுங்கள்.

கடைசியாக, கரைத்த மருந்தையே மிச்சம் பிடிப்பது. காலையில் கரைத்த வாளியை மாலைவரை, மாலையில் மிஞ்சியதை அடுத்த நாள்வரை வைத்திருப்பது. தெளிக்கும் போத்தல் குறையக் குறையத் தண்ணீர் விட்டு நிரப்புவது. பென்சல்கோனியம் கரைசலுக்குள்ளேயே சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வளர்ந்து, அதைத் தடவியதாலேயே நோயாளிகளுக்குத் தொற்றிய சம்பவங்கள் ஆஸ்பத்திரிகளில் பல முறை பதிவாகியிருக்கின்றன. கிருமியைக் கொல்ல வைத்த போத்தலே அதன் வீடாகிவிட்டது. ஆகவே அன்றன்று கரைப்பது, மிஞ்சியதை ஊற்றிவிடுவது, போத்தலைக் கழுவிக் காயவிடுவது. நிரப்பாதீர்கள்.

உங்கள் கடையில் எனக்குக் கூடப் பயமாக இருக்கும் பொருள் அந்த உரிக்கும் மெஷின். அதன் ரப்பர் விரல்களில் நாளடைவில் நுண்ணிய வெடிப்புகள் விழும். சூடு, ஈரம், கொழுப்பு மூன்றும் அதற்குள்ளே தங்கும். கிருமிகள் அங்கே தனித்தனியாக இருப்பதில்லை. வழவழப்பான ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கும். 1980களில் பிரித்தானியாவின் கோழி பதப்படுத்தும் ஆலைகளில் இதை ஆராய்ந்தபோது, உரிக்கும் மெஷினிலேயே நிரந்தரமாகக் குடியேறிய ஸ்டெஃபிலோகொக்கஸ் இனம், கோழித் தோலில் சாதாரணமாக இருக்கும் அதே வகைக் கிருமியைவிடக் குளோரினைப் பல மடங்கு தாங்கியது தெரியவந்தது. அதில் பம்ப் பெரிதாக இல்லை. கட்டியாகத் திரண்டு, சுற்றிவரச் சளி போன்ற பொருளைப் பூசிக்கொண்டதுதான் காரணம். இதற்கு எந்தப் புது மருந்தும் ஒன்றும் செய்யாது. வெடித்த ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். கத்தி வெட்டு விழுந்து கோடு கோடாகிப்போன பிளாஸ்ரிக் பலகைக்கும், பிளந்த மரக்குற்றிக்கும் இதே கதைதான். ரெப்பின் போத்தலுக்குக் கொடுக்கிற காசை இதில் போடுங்கள் என்பேன்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தபிறகு, மருந்தை மாற்றுவதில் அர்த்தமே இல்லையா? கொஞ்சம் உண்டு. ஒரு குவாட்டிலிருந்து இன்னொரு குவாட்டுக்கு மாறுவது வீண். ஆனால் நாளாந்தம் குவாட் பாவிப்பவர் இடைக்கிடை குளோரினுக்கு மாறுவது நல்லதுதான். குளோரின் ஒரே இடத்தில் ஒட்டிக் கொல்வதில்லை. அகப்பட்ட புரதம், கொழுப்பு, மரபுப் பொருள் எல்லாவற்றையும் ஒட்சியேற்றிச் சிதைக்கும். அதை வெளியே இறைக்கும் பம்ப் என்று ஒன்று கிடையாது. வன்னியில் ரி.சி.எல் என்ற குளோரின் தூள் எல்லோருக்கும் தெரிந்தது. வெள்ளத்துக்குப் பிறகு பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆட்கள் வந்து கிணற்றுக்குப் போடுவது அதுதான். தூளில் குளோரின் 65 வீதம் என்று இருந்தால், 10 லீற்றர் வாளிக்கு 3 கிராம் போட 200 மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். 5 வீதத் திரவ பிளீச் என்றால் அதே வாளிக்கு 40 மில்லிலீற்றர். பழைய பிளீச்சை நம்ப வேண்டாம். வெக்கையில் வைத்தால் சும்மா இருந்தே பலம் குறையும். இன்னொன்று, தண்ணீரின் காரத்தன்மை கூடக் கூடக் குளோரினின் கொல்லும் வடிவம் குறையும். காரத்தன்மையைக் காட்டும் பி.எச் எண் 7 இல் முக்கால்வாசி அந்த வடிவில் இருக்கும், 8 இல் கால்வாசிதான். அதைச் சரிக்கட்ட என்று வினாகிரியோ கழிப்பறை கழுவும் அமிலமோ பிளீச்சோடு கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், சாகவும் கூடும். நேரத்தைக் கொஞ்சம் கூட விட்டால் போதும். கத்தி துருப்பிடிக்கும், அதனால் கடைசியில் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

சரி, இனி உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். எனக்குக் கூடப் பிடித்த கேள்வியும் அதுதான்.

தொற்றுநீக்கிக்கும் அன்ரிபயோட்டிக்குக்கும் தொடர்பு இரண்டு வழியில் வரும். ஒன்று, அதே பம்ப். சல்மொனெல்லாவிலும் ஈ.கோலையிலும் இருக்கிற முக்கியமான பம்ப் ஒன்று ஆள் பார்த்து இறைப்பதில்லை. குவாட், பித்தநீர், ரெற்றாசைக்கிளின், குளோரம்பெனிக்கோல், சிப்ரோபுளொக்சசின் என்று வந்ததையெல்லாம் வெளியே தள்ளும். ஆய்வுகூடத்தில் இந்தக் கிருமிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிய பென்சல்கோனியத்தில் வளர்த்தால், அந்தப் பம்பை எப்போதும் ஓடவிடும் திரிபுகள் தேர்ந்து வரும். அதன் பிறகு அந்த அன்ரிபயோட்டிக்குகளுக்கும் முன்னரைவிடக் கூட அளவு தேவைப்படுகிறது. பெரும்பாலும் அது சில மடங்கு உயர்வுதான், மருந்து முழுதாகத் தோற்றுப்போகும் அளவில்லை. ஆனால் மேலே ஏற ஒரு படி கிடைத்துவிடுகிறது.

மற்றது, ஒரே மூட்டைக்குள் இரண்டு மரபணு. இதைச் சொல்ல 1935 க்குப் போக வேண்டும். ஜேர்மனியில் கெர்ஹார்ட் டொமாக் என்ற விஞ்ஞானி அந்த வருடம் புரொன்ரோசில் என்ற சிவப்பு மருந்தை வெளியிட்டார். கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் சல்பா மருந்துகளின் தொடக்கம் அது. 1939 இன் நோபல் பரிசு அதற்குத்தான். அதே வருடம், அதே டொமாக், பென்சல்கோனியம் குளோரைட்டையும் தொற்றுநீக்கியாக உலகுக்கு அறிமுகம் செய்தார். இன்று கோழி இறைச்சியிலிருந்து எடுக்கிற ஈ.கோலையின் மரபுப் பொருளைப் படித்தால், இன்ரெக்ரோன் என்ற ஒரு துண்டு அடிக்கடி அகப்படும். அதன் ஒரு முனையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மரபணுக்கள்: ஒன்று குவாட்டை இறைக்கும் பம்புக்கானது, மற்றது சல்பா மருந்தைத் தாங்குவதற்கானது. ஒரே மனிதர் ஒரே வருடத்தில் வெளிவிட்ட இரண்டு பொருள்களுக்கும் பதிலைக் கிருமி ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. அந்தப் பம்ப் மரபணு பெரும்பாலும் வால் வெட்டுப்பட்ட நிலையில்தான் இருக்கிறது, பெரிதாக வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் முழுதாக இருந்த காலத்தில் குவாட் பாவனைதான் இந்தத் துண்டு பரவுவதற்கு உதவியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தத் துண்டுக்குள் வேறு அன்ரிபயோட்டிக் எதிர்ப்பு மரபணுக்களும் வந்து செருகிக்கொள்ளும். அது பிளாஸ்மிட் என்ற சின்ன மரபு வளையத்தில் ஏறி ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவும். அதனால் ஒன்றுக்குக் கொடுக்கும் நெருக்கடி மூட்டையில் உள்ள எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும்.

இதை வாசித்துவிட்டுத் தொற்றுநீக்கியையே நிறுத்திவிடாதீர்கள். சிலர் அப்படிச் செய்கிறார்கள். அது பெரிய பிழை. எதிர்ப்பு வளர்வதற்கு முதல் காரணம் தொற்றுநீக்கி அல்ல, அன்ரிபயோட்டிக்கேதான், அதுவும் உங்கள் கடைக்குக் கோழி வருவதற்கு முன்னரே, பண்ணையில். அமெரிக்காவில் 1990களின் நடுப்பகுதியில் கோழிகளுக்கு, சிப்ரோபுளொக்சசினின் அதே குடும்பத்து என்ரோபுளொக்சசின் வகை மருந்துகளை அனுமதித்தார்கள். பிறகு மனிதருக்கு வயிற்றோட்டம் தரும் கம்பைலோபக்டர் கிருமிகளில் சிப்ரோபுளொக்சசின் எதிர்ப்புக் கூடியது. 2005 இல் கோழிக்கான அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீனியில் அன்ரிபயோட்டிக் சேர்ப்பதை 2006 ஜனவரியில் முழுதாக நிறுத்தியது. 2015 இன் கடைசியில் சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும், கொலிஸ்ரின் என்ற கடைசி நிலை மருந்தைத் தாங்கும் மரபணு பிளாஸ்மிட்டிலேயே இருப்பது கண்டுபிடிக்கப்பட்டபோது உலகமே திடுக்கிட்டது. சீனா 2017 இலும், இந்தியா 2019 இலும் கால்நடைக்கான கொலிஸ்ரினைக் கட்டுப்படுத்தியது அதனால்தான். இலங்கையும் இந்த எதிர்ப்பைச் சமாளிக்க 2017 இல் தேசிய மூலோபாயத் திட்டம் ஒன்றைப் போட்டது.

திட்டம் கொழும்பில் இருக்கட்டும். இங்கே குஞ்சு எடுத்து வளர்க்கிற ஒருவர், ஒன்றிரண்டு குஞ்சு தூங்கி வழிந்தால் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுவதற்கு முன் கடையில் ஒரு பவுடர் வாங்கித் தண்ணீரில் கலக்கிவிடுகிறார் என்றால், நீங்கள் மேசையை எவ்வளவு கழுவினாலும் எதிர்ப்புள்ள கிருமி கோழியின் குடலோடு உங்கள் கடைக்கு வந்துகொண்டே இருக்கும். கோழி எடுக்கிற இடத்தில் கேளுங்கள்: என்ன மருந்து கொடுத்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், யார் எழுதித் தந்தது? கேட்கிறவர் காசு கொடுக்கிறவராக இருந்தால் பதில் வரும்.

இங்கே பலர் குழம்புகிற ஒரு விடயம் இருக்கிறது. இறைச்சியில் மருந்து மிஞ்சியிருப்பது வேறு, மருந்தைத் தாங்கும் கிருமி இருப்பது வேறு. மருந்தை நிறுத்தி, சொன்ன நாள்கள் காத்திருந்து வெட்டினால் முதலாவது தீரும். இரண்டாவது தீராது, கிருமி போய்விடாது. சமைத்தால் தலைகீழ். சூடு கிருமியைக் கொல்லும், ஆனால் பல மருந்துகளின் மிச்சம் கொதித்தாலும் முழுதாக அழியாது. சிப்ரோபுளொக்சசினைத் தாங்கும் சல்மொனெல்லா நெருப்பைத் தாங்காது. இறைச்சியின் நடுப்பகுதி 74 பாகை செல்சியசைத் தொட்டால் எதிர்ப்புள்ளதும் இல்லாததும் ஒன்றாகச் சாகும். அரை மணித்தியாலம் கொதிக்கிற நம் கோழிக்கறியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. கவலை, அந்தக் கோழியை வெட்டிய கத்தியாலும் பலகையாலும் சம்பலுக்கு வெங்காயம் வெட்டுவதில்தான். கோழியைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவும்போது தெறிக்கிற தண்ணீரும் அப்படித்தான். கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற உங்கள் கை, செருப்பு, ஏப்ரனும் அதே வழிதான். ஏப்ரனைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு, கையைச் சவர்க்காரத்தால் கழுவிய பிறகு பிள்ளைகளைத் தூக்குங்கள்.

பிள்ளைகளுக்கு வருகிற வயிற்றோட்டம் உங்கள் கடையால்தானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது; சின்னப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் வைரசாலும் வரும். சல்மொனெல்லாவே என்றாலும், ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் அன்ரிபயோட்டிக் தேவையில்லை. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) கரைத்துக் கொடுங்கள், தாய்ப்பாலையோ வழமையான சாப்பாட்டையோ நிறுத்த வேண்டாம். மருந்துக்கடையில் அன்ரிபயோட்டிக் கேட்டு வாங்கி இரண்டு நாள் கொடுத்து நிறுத்துகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், சலம் குறைதல், பிள்ளை சோர்ந்து கிடத்தல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வயது ஒன்றுக்குக் கீழே என்றால் இவை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். போனதும் கோழிக்கடை நடத்துகிறோம் என்பதையும், அண்மையில் பிள்ளைக்கு எந்த அன்ரிபயோட்டிக் கொடுத்தோம் என்பதையும் வைத்தியருக்கு முதலிலேயே சொல்லுங்கள். மலப் பரிசோதனைக்கு அனுப்புவதா, மருந்து தேவையென்றால் எதில் தொடங்குவது என்று தீர்மானிக்க அவருக்கு அந்த இரண்டும் தேவைப்படும்.